நெட் எங்கே அறுந்தது? கறுப்பு விண்டோவில் கண்டுபிடிப்பது எப்படி

போன வருஷம் ஒரு நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும், என் பெரியம்மா மகன் போன் செய்தார். ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். "தம்பி, நெட்டு போச்சுடா. வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா ஒரு சைட்டும் தொறக்கல. கடைல பதினஞ்சு பிள்ளைங்க நிக்குது, அஞ்சு மணியோட அப்ளிகேஷன் முடியுது." கஸ்டமர் கேரில் கேட்டதற்கு லைனில் வேலை நடக்கிறது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டார்.

நான் இருந்தது வேறு ஊரில். கம்ப்யூட்டரில் கறுப்பு விண்டோ ஒன்று இருக்கும், அதைத் திறங்கள் அண்ணே என்று சொல்லி, போனிலேயே நான்கு கட்டளைகளைத் தட்ட வைத்தேன். கால் மணி நேரத்தில் கடை ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் கட்டளைகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதற்கு நெட்வொர்க் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்: "நெட் இல்லை" என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டராலும் மருந்து எழுத முடியாது, எதனால் வந்தது என்று பார்த்தாக வேண்டும்.

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் முதலில் ரவுட்டரிடம் பேசுகிறது, ரவுட்டர் இன்டர்நெட் தரும் கம்பெனியிடம் பேசுகிறது, நடுவில் அந்தத் தளத்தின் பெயருக்கு எண் என்ன என்று ஒரு சர்வரைக் கேட்கிறார்கள், அப்புறம் பல ரவுட்டர்கள் கைமாறி அந்தத் தளம் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பிரவுசர் காட்டுவது ஏறக்குறைய ஒரே பக்கம்தான். அதனால் பிரவுசரை மூடிவிட்டு, கிட்டத்தில் இருக்கும் கண்ணியிலிருந்து ஆரம்பித்துத் தூரத்தை நோக்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு கேள்வி.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்று மூன்று எழுத்து தட்டி என்டர் கொடுத்தால் கமாண்ட் பிராம்ப்ட் வந்துவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு டெர்மினல் என்று பெயர். கட்டளைகளை நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, கீழே வருபவற்றில் பெரும்பாலானவை வெறுமனே பார்த்துச் சொல்பவை, எதையும் மாற்றாதவை.

முதல் கேள்வி: எனக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள் (ஐபி என்ற இரண்டு எழுத்து, அதை ஒட்டியே கான்ஃபிக், லினக்ஸில் முகவரிக்கு ஐபி இடைவெளி ஏ, கேட்வேக்கு ஐபி இடைவெளி ஆர்). திரை முழுக்க என்னென்னவோ வரும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே வரி. ஐபிவி4 அட்ரஸ் என்பது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி, டிஃபால்ட் கேட்வே என்பது ரவுட்டரின் முகவரி. வீட்டில் பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும், சில இடங்களில் 10 என்று ஆரம்பிக்கும். கேட்வே எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டளைக்கு அது வேண்டும்.

முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் பிரச்சினை அங்கேயே மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, சரி என்று தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்து வெளியே போக முடியாது. கேபிள் சரியாகச் சொருகியிருக்கிறதா, ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் என்று கொடுத்து, அது முடிந்ததும் ஐபிகான்ஃபிக் /ரினியூ என்று கொடுத்தால் புதிதாக முகவரி கேட்கும். இங்கே கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அண்ணனுக்கு முகவரி ஒழுங்காகத்தான் இருந்தது. அடுத்தது பிங்.

பிங் கட்டளையை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார், மேரிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில். நெட்வொர்க் ஏதோ கோளாறு செய்ய, அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுதி முடித்து முதல் பிங்கை அனுப்பத் தயாரானபோது கோளாறை யாரோ சரிசெய்தே விட்டார்கள். பெயர் சோனாரிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஒரு ஒலியை விடுவார்கள், அது எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பும், திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்வார்கள். பிங் செய்வதும் அதேதான். ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி "இருக்கிறாயா?" என்று கேட்கிறது, அந்தப் பக்கம் "இருக்கிறேன்" என்றதும் போய்வந்த நேரத்தை எழுதிக் காட்டுகிறது.

பிங், இடைவெளி, நீங்கள் எழுதி வைத்த கேட்வே எண். எடுத்துக்காட்டாக பிங் 192.168.1.1. விண்டோஸ் நான்கு தடவை கேட்டுவிட்டு நிறுத்தும், லினக்ஸும் மேக்கும் நீங்கள் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். பதிலில் டைம் என்று இருக்குமே, அதுதான் முக்கியம். கேபிளில் இருந்தால் 1 மில்லி செகண்டோ அதற்கும் கீழோ வரும். வைஃபையில் 2, 5 என்று வரலாம், அவ்வப்போது கொஞ்சம் ஏறலாம், தப்பில்லை. பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டருக்கே 150, 300 என்று தாவினாலோ, நடுநடுவே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தாலோ, உங்களுக்குக் கெட்டிருப்பது வைஃபை. எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அது தீராது. ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.

இங்கே விண்டோஸில் ஒரு பொறி இருக்கிறது, நானே முதலில் இதில் ஏமாந்திருக்கிறேன். நான்கு வரியும் "ரிப்ளை ஃப்ரம்" என்றுதான் ஆரம்பிக்கும், கீழே லாஸ்ட் என்ற இடத்தில் 0 என்று போட்டிருக்கும், ஆகா எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தோன்றும். வரியை முழுசாகப் படித்தால் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று முடிந்திருக்கும். "ரிப்ளை ஃப்ரம்" என்பதை அடுத்து இருக்கும் எண்ணைப் பாருங்கள், அது உங்கள் சொந்த முகவரியாகவே இருக்கும். அதாவது உங்கள் கம்ப்யூட்டர் ரவுட்டரைத் தேடி, காணாமல், "அந்த ஆளைக் காணோம்" என்று உங்களிடமே சொல்கிறது. அதையும் ஒரு பதில் என்று எண்ணிக்கொண்டு 0 நஷ்டம் என்று கணக்கு எழுதுகிறது விண்டோஸ். அதனால் கடைசிக் கணக்கை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன், போனில் உதவி செய்யும்போது கண்டிப்பாக.

ரவுட்டர் பதில் சொல்லிவிட்டதா? சரி, இப்போது வீட்டைத் தாண்டுவோம். பிங் 8.8.8.8 என்று கொடுங்கள். இது கூகுள் 2009-இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்ட ஒரு சர்வரின் முகவரி, மனப்பாடமாக இருப்பதால் உலகம் முழுக்க இதைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். பெயரைத் தட்டாமல் எண்ணைத் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அடுத்த கட்டளையில் புரியும். ரவுட்டரிலிருந்து பதில் வருகிறது, 8.8.8.8-இலிருந்து வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே, கம்பெனி பக்கம். இப்போது தாராளமாகப் போன் போடலாம்.

பதில் வந்தால் நேரத்தைப் பாருங்கள். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போக 15, வர 15, ஆக 30 மில்லி செகண்டுக்குக் குறைவாகச் சிங்கப்பூரைத் தொட்டுவிட்டு வரவே முடியாது, எத்தனை ஜிபிபிஎஸ் பிளான் வாங்கினாலும் சரி. வேகம் என்று விளம்பரத்தில் போடுவது குழாயின் அகலத்தை, பிங் காட்டுவது தண்ணீர் வந்துசேரும் நேரத்தை. இரண்டும் வேறு வேறு. சிங்கப்பூரில் சர்வர் இருக்கும் கேமை ஆடிக்கொண்டு பிங் 10 வர வேண்டும் என்று ரவுட்டர் மேல் ரவுட்டராக மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, அந்தப் பணத்தைக் காப்பாற்றவாவது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் 8.8.8.8 மட்டும் எப்படி 10, 20 என்று காட்டுகிறது, கூகுள் அமெரிக்காவில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே முகவரியைப் பல ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு நெருக்கமாக இருப்பது பதில் சொல்கிறது. எனிகாஸ்ட் என்பார்கள் அதை.

அண்ணனுக்கு ரவுட்டர் பதில் சொன்னது. 8.8.8.8-உம் பதில் சொன்னது, 18 மில்லி செகண்டில், நான்குக்கு நான்கு. "அப்ப நெட்டு இருக்குடா!" என்றார். ஆமாம், லைன் உயிரோடுதான் இருந்தது. கஸ்டமர் கேர் சொன்ன காரணம் தப்பு என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

மீதி இருந்தது பெயர்தான். என்எஸ்லுக்கப் என்று ஒரு கட்டளை உண்டு, என், எஸ், அதை ஒட்டி லுக், அப். அதன் பிறகு ஒரு இடைவெளி விட்டு ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு எண் என்ன என்று கேட்டுச் சொல்லும். நெட்வொர்க்கில் எல்லாம் எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது, பெயர் நமக்காக. ஆரம்பத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது, கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் அதை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகவும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை வடிவமைத்தார், பெயர்ப் பட்டியலைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும்படி. இன்று நம் ரவுட்டர் பெரும்பாலும் இன்டர்நெட் தரும் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கிறது. அது படுத்துவிட்டால் லைன் நன்றாக இருந்தும் ஒரு தளமும் திறக்காது. போன் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கான்டாக்ட் லிஸ்ட் அழிந்துவிட்டது என்றால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அண்ணனைத் தட்டச் சொன்னேன், "டிஎன்எஸ் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தது. உடனே அதே கட்டளையின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்துத் தட்டச் சொன்னேன். கம்பெனி சர்வரை விட்டுவிட்டு, 8.8.8.8-இல் இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் சர்வரிடம் கேள் என்று அர்த்தம். சட்டென்று எண் வந்து விழுந்தது. கேஸ் முடிந்தது. ரவுட்டரின் செட்டிங்கில் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8, அதற்குக் கீழே 1.1.1.1 என்று போட வைத்தேன் (இரண்டாவது கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனம் 2018-இல் திறந்தது). ரவுட்டரில் மாற்றியதால் கடையில் இருந்த நான்கு கம்ப்யூட்டருக்கும் ஒரே வேலையாக முடிந்தது. ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று கொடுத்துப் பழைய நினைவுகளை அழிக்கவும் சொன்னேன். பின்னணியில் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

தினசரிக் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு இந்த அளவே போதும். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டளை இனிமேல்தான் வருகிறது.

விண்டோஸில் டிரேஸர்ட் (டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி), மற்றதில் டிரேஸ்ரூட், அதன் பிறகு ஒரு இடைவெளி விட்டுத் தளத்தின் பெயர். ஒரு தளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும். எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், அவ்வளவு கெட்டிக்காரத்தனமான வேலை அது. நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் டிடிஎல் என்று ஒரு எண் எழுதியிருக்கும். லினக்ஸ் பொதுவாக 64 என்று எழுதும், விண்டோஸ் 128. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அந்த எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யமாகிவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் ரவுட்டர் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு "உன் பொட்டலம் என்னிடத்தில் செத்துவிட்டது" என்று தகவல் சொல்லும். வழி தெரியாத பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் என்பவர் இதையே ஒரு கருவியாக்கினார். வேண்டுமென்றே 1 என்று எழுதி அனுப்பு: முதல் ரவுட்டரிலேயே செத்துப்போகும், அது தகவல் அனுப்பும், அந்தத் தகவலில் அதன் முகவரி இருக்கும். அடுத்து 2 என்று எழுதி அனுப்பு: இரண்டாவது ரவுட்டர் தன் முகவரியைச் சொல்லும். இப்படி 3, 4 என்று போய்க்கொண்டே இருந்தால் சாவுச் செய்திகளை வைத்தே வழி முழுவதும் வரைந்துவிடலாம்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று நேரம் இருக்கும், மூன்று தடவை கேட்பதால். சில வரிகளில் நேரத்துக்குப் பதில் மூன்று நட்சத்திரம் வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் பதறிப்போய் "ஏழாவது ரவுட்டர் செத்துப்போச்சு" என்று புகார் எழுதுகிறார்கள். அடுத்த வரியிலிருந்து ஒழுங்காகப் பதில் வருகிறதென்றால் அந்த ஏழாவது ரவுட்டர் பொட்டலத்தை ஒழுங்காகக் கடத்திவிட்டிருக்கிறது, உங்களுக்குப் பதில் எழுதத்தான் மறுக்கிறது. நேரமும் அப்படித்தான்: நடுவில் ஒரு வரியில் மட்டும் 200 என்று வந்து அடுத்ததில் 30 என்று இறங்கினால் விட்டுவிடுங்கள். ஒரு இடத்தில் ஏறிய நேரம் கடைசி வரி வரைக்கும் இறங்காமலே இருந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும், அதுவும் நடுவில் கடல் இருந்தால் ஏறத்தான் செய்யும். மறக்கக் கூடாத இன்னொன்று, இது போகும் வழியை மட்டும்தான் காட்டுகிறது. பதில் வேறு வழியாக வரலாம்.

இந்தப் பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அங்கே 100.64 முதல் 100.127 வரைக்குள் ஒரு எண் இருந்தால், உங்கள் கம்பெனி ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்கள் 2012-இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. "சிசிடிவி வீட்டில் தெரிகிறது, வெளியூரிலிருந்து பார்த்தால் தெரியவில்லை, போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் செய்துவிட்டேன்" என்று (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் செட்டிங் அது) மாதக்கணக்கில் போராடுபவர்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம். வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டுக் கதவு எது என்றே தெரியாது. கம்பெனியிடம் தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது நிறுவனத்தின் கிளவுட் வழியாகப் பார்க்கும் கேமராவாக வாங்க வேண்டும்.

இன்னும் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஆர்பி, இடைவெளி, ஹைஃபன் ஏ: உங்கள் கம்ப்யூட்டர் சமீபத்தில் பேசிய, அதே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைக் காட்டும். வைஃபையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்ற முழுப் பட்டியல் ரவுட்டரின் பக்கத்தில்தான் இருக்கும், இது பாதிதான். கர்ல் (சி, யு, ஆர், எல்), இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்தில் ஐ, அதன் பிறகு தளத்தின் முகவரி: தளம் திறக்கவில்லை என்றால் கோளாறு உங்களிடமா அவர்களிடமா என்று தெரிந்துகொள்ள இது நல்லது. 200 என்று வந்தால் அங்கே எல்லாம் ஒழுங்கு, 502, 503 என்று வந்தால் அவர்கள் சர்வர் திணறுகிறது, நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். பிங்குக்குப் பதில் வராததை மட்டும் வைத்துத் தளம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பல தளங்கள் பிங்கை வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று, விட்டு விட்டு வரும் கோளாறுக்கு. கறுப்பு விண்டோவை இரண்டு தடவை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ரவுட்டருக்கு பிங், இன்னொன்றில் 8.8.8.8-க்கு பிங், விண்டோஸில் இரண்டிலும் கடைசியில் இடைவெளி விட்டு ஹைஃபன் டி சேருங்கள், நிறுத்தாமல் ஓடும் (லினக்ஸிலும் மேக்கிலும் அது வேண்டாம்). வேலையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தால் போதும். நெட் திணறும் நொடியில் இரண்டும் சேர்ந்து தடுமாறினால் வீட்டுக்குள் கோளாறு. ரவுட்டர் 1, 1, 1 என்று நிதானமாக ஓட, 8.8.8.8 மட்டும் தவித்தால் வெளியே.

இதை அண்ணனுக்கு அன்றைக்கே சொல்லிக்கொடுத்திருந்தேன். போன மாதம் அவர் போன் செய்தபோது உதவி எதுவும் கேட்கவில்லை. "தம்பி, ரெண்டு நாளா ராத்திரி எட்டு மணிக்கு மேல இழுத்துச்சு. ரவுட்டர் ஒண்ணுதான் காட்டுது, எட்டு எட்டு எட்டு எட்டு நானூறு, நடுவுல நடுவுல டைம்டு அவுட்டு. போட்டோ புடிச்சு லைன்காரருக்கு அனுப்பிட்டேன்." மறுநாள் காலையில் லைன்காரர் ஏணியோடு வந்துவிட்டாராம். முந்தின தடவைகளில் வந்ததும் ரவுட்டரைத்தான் முதலில் அணைத்துப் போடுவார், இந்தத் தடவை கடைக்குள்ளேயே வராமல் நேராகத் தெருமுனைக் கம்பத்தில் ஏறி, பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த ஃபைபரை எடுத்து மாற்றிவிட்டு இறங்கியிருக்கிறார்.